15 வருசம் தாண்டின காரை எஃப்.சி. காட்டும்போது எதுல பெயில் ஆகும், எதை முதல்ல பாக்கணும்

சொந்தக் காருக்கு ஆர்.சி. 15 வருசந்தான், அப்புறம் அஞ்சு அஞ்சு வருசமா நீட்டிக்கணும், அதுக்கு வண்டியைக் கொண்டு போய் ஆர்டிஓ ஆபீஸ்ல பிரேக் இன்ஸ்பெக்டர்கிட்ட காட்டணும், இதைத்தான் எஃப்.சி. காட்டறதுன்னு சொல்றது. நம்ம பட்டறைக்கு இந்த வேலைக்குன்னே வர்ற வண்டிங்க எல்லாம் மூணாவது கை நாலாவது கை மாறினதுதான், டிஎன் 27, 30, 54ன்னு சேலம் நம்பர்லயே சுத்திட்டு இருக்கும். முக்காவாசிப் பேரு ஒரு தடவ போயி திரும்பி வந்த பிறகுதான் வராங்க. அதுலயும் பாதிப் பேரு பத்தாயிரத்துக்கு பெயிண்ட் அடிச்சு சீட் கவர் மாத்திட்டு, பிரேக் லைட் எரியலன்னு திருப்பி விடப்பட்டவங்க. பளபளப்புக்கு அங்க மார்க்கு கிடையாதுங்க.

கீழ இருக்கற வரிசையிலயே பாத்துட்டு வாங்க. துருவை முதல்ல வெச்சதுக்குக் காரணம் இருக்கு, அது போயிருந்தா மத்த எதுக்கும் காசு போடறது வீண்.

அடிப்பக்கம் துரு, தரை ஓட்டை

ஏற்காட்டுல ரொம்ப நாள் நின்ன வண்டியா, கீழ சேலத்துல ஓடின வண்டியான்னு வண்டியோட அடியைப் பாத்தாலே சொல்லிடலாம். மேல பனியும் மழையும் மரத்தடியும், வைப்பர் கீழ இருக்கற தண்ணி போற ஓட்டையில சில்வர் ஓக் இலை அடைச்சு தண்ணியெல்லாம் உள்ளயே எறங்கி கார்ப்பெட் வருசம் பூரா ஈரமாவே கிடக்கும். வெளிய ஒண்ணுமே தெரியாது.

பாக்கறது எப்படின்னா, மொதல்ல நாலு மேட்டையும் எடுத்துட்டு கார்ப்பெட்டைத் தூக்கி கையால தடவுங்க. ஈரமோ, பொக்குன்னு உப்பின பெயிண்டோ இருந்தா அங்க ஸ்குரூடிரைவர் பிடியால தட்டுங்க. கணீர்னு கேட்டா தகடு இருக்கு, சொத்துன்னு கேட்டா போயிருச்சு. அப்புறம் கதவுக்குக் கீழ ஓடற பட்டை, ஜாக்கி வைக்கற இடம், பின் சக்கர வளைவு, கடைசியா பானட்டைத் தூக்கினா ரெண்டு பக்கமும் சஸ்பென்ஷன் மேல வந்து உக்கார்ற இடம். பட்டி போட்டு மறைச்சிருக்காங்களான்னு பாக்க ஒரு சின்ன காந்தம் போதும், ஒட்டலன்னா அங்க தகடு இல்ல, பட்டிதான் இருக்கு. புதுசா கருப்பா அண்டர் கோட்டிங் அடிச்ச செகண்ட்ஸ் வண்டின்னா எனக்கு எப்பவும் சந்தேகந்தான், விக்கறதுக்கு முந்தின வாரம் எவனும் வண்டி மேல பாசத்துல கோட்டிங் அடிக்க மாட்டான்.

மேலாக்க துருன்னா தேய்ச்சு பிரைமர் அடிச்சா முடிஞ்சுது. தரையில ஓட்டைன்னா டிங்கர்கிட்ட விட்டு தகடு வெட்டி வெல்டிங் பண்ணலாம், பேட்டரி ஒயரைக் கழட்டிட்டுத்தான் வெல்டிங் வைக்கணும், இல்லன்னா ஈசிஎம் (இன்ஜினை ஓட்டற கம்ப்யூட்டர் பெட்டி) அடி வாங்கும், பெட்ரோல் டேங்க் பக்கத்துலன்னா டேங்கை எறக்காம வெக்கவே கூடாது. சஸ்பென்ஷன் உக்கார்ற இடமோ, பின் ஆக்சில் மாட்டற இடமோ மக்கிப் போயிருந்துச்சுன்னா நல்ல டிங்கரைக் கூட்டிட்டு வந்து காட்டி ஒரு எஸ்டிமேட் வாங்குங்க. வண்டி விலையில பாதிய அது தொட்டுச்சுன்னா என்னைக் கேட்டா ஸ்கிராப்புக்கு விட்டுடுங்கம்பேன், அரசு பதிவு பண்ணின ஸ்கிராப் சென்டர்ல விட்டு சர்டிபிகேட் வாங்கினா புது வண்டி வாங்கும்போது சலுகை இருக்கு.

இதே இடத்துல இன்னொண்ணு, சேஸிஸ் நம்பர். பென்சில் பிரிண்ட் எடுக்கணும், அதாவது நம்பர் மேல பேப்பரை வெச்சு பென்சிலால தேய்ச்சு அச்சு எடுக்கறது. நிறைய சின்னக் கார்ல பானட்டைத் திறந்தா இன்ஜினுக்குப் பின்னாடி நிக்கற தகட்டுல குத்தியிருக்கும். துரு, கிரீஸ், மேல அடிச்ச பெயிண்டு எல்லாம் சேந்து நம்பர் தெரியலன்னா மண்ணெண்ணெய் தொட்டு துணியால தேய்ங்க. உப்புத்தாள் போட்டு அழுத்தித் தேய்க்காதீங்க, எழுத்து அழிஞ்சிட்டா அது தனிக் கதை. நிஜமாவே மக்கிப் போயிருந்தா ஆர்டிஓ ஆபீஸ்ல எழுதிக் குடுத்து அனுமதி வாங்கித்தான் திரும்பக் குத்தணும், நீங்களா லேத்துல குடுத்துக் குத்துனீங்கன்னா திருட்டு வண்டின்னு சந்தேகம் வரும்.

பிரேக்

*பெடல் ஸ்பாஞ்சா அமுங்குது, ரெண்டு மூணு தடவ மிதிச்சா மேல வருது*

மொதல்ல பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்க. மினிமம் கோட்டுக்குக் கீழ இருந்தா ரெண்டே காரணந்தான், பேட் தேஞ்சு ஆயில் கீழ எறங்கியிருக்கு, இல்ல எங்கயோ ஒழுகுது. நாலு சக்கரத்தோட உள்பக்கமும் ஈரம் இருக்கான்னு பாருங்க. ஒழுகலும் இல்ல, லெவலும் சரியா இருக்குன்னா பிரேக் லைன்ல ஏர் இருக்கு, பிளீடிங் பண்ணி அந்தக் காத்தை வெளிய எடுத்தா சரியாயிடும்.

ஆயில் காபித் தண்ணி நிறத்துல இருந்தா யோசிக்காம மாத்திடுங்க. ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவ மாத்தணும்னு புக்குல போட்டிருக்கும், செகண்ட்ஸ் வண்டியில யாரும் மாத்தியிருக்க மாட்டாங்க. இந்த ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும், ஈரம் சேந்த ஆயில் சீக்கிரம் கொதிக்கும். ஏற்காட்டுல இருந்து அந்த 20 ஹேர்பின்னும் பிரேக்கை மிதிச்சுக்கிட்டே எறங்கி வந்து அடிவாரத்துல பெடல் தரைக்குப் போகுதுன்னு சொல்றவங்க எல்லாருக்கும் இதேதான். அரை மணி நேரம் நிறுத்தி வெச்சா பெடல் திரும்ப வந்துரும், சரியாயிருச்சுன்னு ஓட்டிட்டுப் போயிடுவாங்க, அதான் பயமே. கேப்ல போட்டிருக்கற கிரேடு ஆயிலையே ஊத்துங்க, டாட் 3ன்னா 3, டாட் 4ன்னா 4. எறங்கும்போது செகண்ட் கியர்லயே எறங்குங்க, பிரேக்கை விட்டு விட்டு மிதிங்க.

*பெடலை அழுத்தி வெச்சிருந்தா மெதுவா கீழ போகுது*

வெளிய ஒழுகல் இல்லாம இப்படிப் போச்சுன்னா மாஸ்டர் சிலிண்டர். வீட்ல பாக்கற வேலை இல்ல. அந்த வண்டியை ஆர்டிஓ ஆபீஸுக்கு மட்டுமில்ல, பட்டறைக்கும் ஓட்டிட்டு வராதீங்க, கட்டி இழுத்துட்டு வாங்க, இல்ல மெக்கானிக்கைக் கூப்பிடுங்க.

*பெடல் கல்லு மாதிரி கெட்டியா இருக்கு*

இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு அஞ்சாறு தடவ மிதிங்க, கெட்டியாகும். அப்படியே மிதிச்சு வெச்சுக்கிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. பெடல் லேசா உள்ள போகணும். போகலன்னா பூஸ்டர், அதாவது நம்ம மிதிக்கு பலம் சேக்கற டப்பா, வேலை செய்யல. பூஸ்டர்னு சொன்னதும் பயந்துடாதீங்க, இன்ஜின்ல இருந்து பூஸ்டருக்குப் போற வேக்கம் ஓஸ் வெடிச்சிருக்கறதுதான் ரொம்பப் பேருக்கு. அதை மொதல்ல பாத்துட்டு, அப்புறம் அந்த ஓஸ்ல இருக்கற வால்வு, கடைசியாத்தான் பூஸ்டர்.

*பிரேக் புடிச்சா ஒரு பக்கம் இழுக்குது*

நாலு டயர்லயும் காத்து செக் பண்ணுங்க. சிரிக்காதீங்க, காத்துல சரியான வண்டிங்க நிறைய. அடுத்தது காலிபர் பின் துருப்புடிச்சு நகராம நிக்கறது, கழட்டி சுத்தம் பண்ணி அதுக்குன்னு இருக்கற கிரீஸ் போட்டா போதும். அப்புறம் வீல் சிலிண்டர் ஒழுகி ஷூ மேல ஆயில் படறது. அதுக்கப்புறம் பிரேக் ஓஸ் உள்ளயே உப்பி அடைச்சுக்கறது, வெளிய பாத்தா நல்லாத்தான் தெரியும்.

*ஹேண்ட் பிரேக் நிக்கல*

இதுல பெயில் ஆகறவங்க அதிகம், ஏன்னா சேலம் டவுனுக்குள்ள யாரும் ஹேண்ட் பிரேக்கே போடறதில்ல, கியர்ல போட்டு நிறுத்திட்டுப் போயிடறாங்க. கேபிள் துருப்புடிச்சு நின்னுடும். கன்னங்குறிச்சி தாண்டி ஒரு லேசான மேடாப் பாத்து, நியூட்ரல்ல போட்டு லிவரைத் தூக்கிப் பாருங்க, கால் பிரேக்ல ரெடியா இருக்கணும், பின்னாடி வண்டி வராம பாத்துக்கணும். உருண்டுச்சுன்னா மொதல்ல பின் டிரம்மைக் கழட்டி ஷூவை சுத்தம் பண்ணி அட்ஜஸ்ட் பண்ணணும், அதுக்கப்புறந்தான் லிவர்கிட்ட கேபிளை டைட் வைக்கணும். மாத்திப் பண்ணினா ஒரு வாரம் புடிக்கும், அப்புறம் பழைய மாதிரிதான். கேபிள் மாத்தறது பெரிய செலவு இல்ல.

புகை டெஸ்ட்ல பெயில்

பெட்ரோல் வண்டின்னா அந்த சீட்டுல ரெண்டு நம்பர் இருக்கும், கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன். சேலத்துல ஓடற 2005ல இருந்து 2010க்கு அப்புறம் கொஞ்ச வருசம் வரைக்கும் வந்த வண்டிங்க பெரும்பாலும் பிஎஸ் 2, பிஎஸ் 3தான் (பிஎஸ்ங்கறது வண்டிப் புகைக்கு அரசு வெச்ச தரம்), அதுக்கு ஐடிலிங்ல மோனாக்சைடு 0.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 750 பிபிஎம் தாண்டக் கூடாது. பிஎஸ் 4ன்னா 0.3, 200. பெயில்னு சொன்னா அந்த நம்பரைக் கேட்டு வாங்கிட்டு வாங்க, எங்க கை வைக்கணும்னு அதுதான் சொல்லும்.

எதுக்கும் முன்னாடி ஒண்ணு, டெஸ்ட்டுக்கு சூடான வண்டியைக் கொண்டு போகணும். காலையில எடுத்த உடனே பக்கத்துத் தெரு சென்டருக்குப் போனா நல்ல வண்டியும் பெயில் ஆகும். ஓமலூர் வரைக்கும் பைபாஸ்ல ஒரு ஓட்டு ஓட்டிட்டு வந்து அப்படியே காட்டுங்க.

*மோனாக்சைடு மட்டும் அதிகம்*

பெட்ரோல் அதிகமா போகுது. ஏர் பில்டரைக் கழட்டி வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க, வெளிச்சம் வரலன்னா மாத்துங்க. கார்பரேட்டர் வண்டின்னா சோக் முழுசா திரும்பி வருதா பாருங்க, அப்புறம் மிக்சர் ஸ்குரூ, அதை மீட்டர் வெச்சிருக்கற மெக்கானிக்தான் தொடணும், காதால கேட்டு வைக்கறவர்கிட்ட விடாதீங்க. இஞ்செக்ஷன் வண்டின்னா ஸ்கேனர் போடச் சொல்லுங்க, ஆக்சிஜன் சென்சார் போயிருக்க வாய்ப்பு ஜாஸ்தி. சைலன்சர் பைப்ல புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் கடைசி, செலவும் அதுதான் பெருசு. சில வண்டியில பழைய ஓனர் அதை உருவி வித்துட்டு வெறும் பைப் போட்டு விட்டிருப்பாரு, கீழ குனிஞ்சு ஒரு தடவ பாத்துக்கோங்க.

*ஹைட்ரோகார்பன் மட்டும் அதிகம்*

பெட்ரோல் எரியாம வெளிய வருது. பிளக், பிளக் ஒயர், காயில், இதே வரிசையில. அது எல்லாம் சரின்னா எங்கயாவது வேக்கம் ஓஸ் ஓட்டையா இருக்கும். அதுவும் இல்லன்னா கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கணும், பட்டறைக்கு வந்துருங்க.

*நீலப் புகை*

காலையில ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் ஒரு புஸ்னு வந்து நின்னுட்டா வால்வ் சீல், சமாளிச்சுடலாம். ஆக்சிலேட்டர் மிதிக்கறப்ப எல்லாம் வந்துட்டே இருந்தா ரிங்கு, போர். அது இன்ஜின் எறக்கற வேலை, மொத்தச் செலவைக் கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. கெட்டி ஆயில் ஊத்தி, ஏதாவது டப்பா மருந்து ஊத்தி ஒரு நாள் ஓட்டிடலாம்னு சில பேரு பண்றாங்க, நான் பண்ணித் தர மாட்டேன்.

*டீசல் கரும்புகை*

பிஎஸ் 4க்கு முந்தின டீசல் வண்டின்னா புகை மீட்டர்ல 65 யூனிட் வரைக்கும் விடுவாங்க, பிஎஸ் 4ன்னா 50. ஏர் பில்டர், டர்போ இருந்தா அதோட ஓஸ் கிழிஞ்சிருக்கா, இஜிஆர் (புகையில கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்கு அனுப்பற வால்வு) கரி அடைப்பு, நாசில் சர்வீஸ், பம்ப், இதான் வரிசை. பம்பும் நாசிலும் அதுக்குன்னு மெஷின் வெச்சிருக்கற கடையிலதான் குடுக்கணும். ஒரு எச்சரிக்கை: டீசலுக்கு டெஸ்ட் எடுக்கறப்ப ஆக்சிலேட்டரை ஒரேயடியா அடி வரைக்கும் மிதிப்பாங்க. டைமிங் பெல்ட் எப்ப மாத்தினதுன்னே தெரியாத வண்டியைக் கொண்டு போய் அப்படி மிதிக்க விட்டா பெல்ட் அறுந்து வால்வு வளைஞ்சு நிக்கும். பெல்ட்டை மாத்திட்டுப் போங்க.

ஏற்காட்டுல காலையில வெள்ளையா ஆவி வர்றது குளிருக்கு, அதுக்கு யாரும் பெயில் போட மாட்டாங்க. வண்டி சூடான பிறகும் வெள்ளை நிக்காம, கூலன்ட்டும் குறைஞ்சுட்டே வந்தா ஹெட் கேஸ்கெட், உடனே நிறுத்துங்க.

லைட்

பல்பு மாத்திப் பாத்துட்டீங்க, எரியல, இல்ல மங்கலா எரியுது. பழைய வண்டியில பத்துக்கு எட்டு எர்த்துதான், அதாவது பாடியோட சேர்ற கருப்பு ஒயர் சரியா ஒட்டாம இருக்கறது. எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னா, பிரேக்கை மிதிச்சா இண்டிகேட்டரும் சேந்து லேசா மினுக்குதா, பார்க் லைட் போட்டா இன்னொண்ணு மங்குதா, அப்ப எர்த். டெயில் லைட்டுக்குப் பின்னாடி பாடியில ஒரு போல்ட்ல கருப்பு ஒயர் வந்து சேரும், அதைக் கழட்டி உப்புத்தாள் போட்டு ரெண்டு பக்கமும் தேய்ச்சு மாட்டுங்க. செலவு ஒண்ணும் இல்ல.

இண்டிகேட்டர் படபடன்னு வேகமா அடிச்சா அந்தப் பக்கம் ஒரு பல்பு போயிருக்கு, இல்ல வாட்ஸ் மாத்திப் போட்டிருக்காங்க. பிரேக் லைட் ரெண்டுமே எரியலன்னா பியூஸ், அப்புறம் பெடல் மேல இருக்கற சுவிட்சு. நம்பர் பிளேட் லைட், ரிவர்ஸ் லைட் ரெண்டையும் யாரும் பாக்கறதே இல்ல, இன்ஸ்பெக்டர் பாப்பாரு.

ஹெட்லைட்டுக்கு வருவோம். எல்ஈடி பல்பை ஆலசன் டூம்ல போட்டுட்டு வர்றவங்ககிட்ட நான் மொதல்ல கழட்டச் சொல்றது அதைத்தான், எதுக்க வர்றவன் கண்ணுல அடிக்கும், பனியில ஏற்காட்டு ரோட்ல உங்களுக்கே ரோடு தெரியாது. 60/55 வாட்ஸ் சாதா எச்4 போடுங்க. 100/90 போட்டா ஓல்டர் உருகும். சரியான பல்பு போட்டும் மங்கல்னா டூம் கண்ணாடி மஞ்சளா இருக்கா பாருங்க, பாலிஷ் போட்டா கொஞ்சம் வரும். உள்ள இருக்கற வெள்ளி கருத்திருந்தா டூமே மாத்தணும். ரெண்டும் இல்லன்னா ஆட்டோ எலக்ட்ரீஷியன் ரிலே போட்டு தனி ஒயர் இழுத்துக் குடுப்பாரு. கடைசியா ராத்திரியில செவுத்துக்கு எதுக்க நிறுத்தி டிம் அடிச்சுப் பாருங்க, ரெண்டு வெளிச்சமும் ஒரே உயரத்துல, ஹெட்லைட் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழ விழணும்.

ஒயரிங் எல்லாம் ஒட்டுப்போட்டு டேப் சுத்தி, தொட்டா சூடா இருந்துச்சுன்னா நீங்க கை வைக்காதீங்க.

ஸ்டீயரிங் ஆட்டம், சக்கரத்துல சத்தம், டயர்

முன் சக்கரத்தைத் தூக்கி, ஸ்டாண்டு குடுத்து, பின் சக்கரத்துக்குக் கல்லு வைங்க. வெறும் ஜாக்கியை நம்பி கீழ போயிடாதீங்க. சக்கரத்தை இடமும் வலமுமா பிடிச்சு ஆட்டினா ஆட்டம் வந்தா டை ராட் எண்டு, அது சரியா இருந்தா ரேக். மேலயும் கீழயுமா பிடிச்சு ஆட்டினா வந்துச்சுன்னா பால் ஜாயிண்ட், இல்ல பேரிங். இன்னொருத்தரை பிரேக் மிதிக்கச் சொல்லிட்டு திரும்ப ஆட்டுங்க, ஆட்டம் நின்னுட்டா பேரிங். டை ராட் எண்டு சின்னச் செலவு, மாத்தின கையோட அலைன்மென்ட் பாக்கணும். ரேக்கும் பால் ஜாயிண்ட்டும் பட்டறை வேலைதான், பால் ஜாயிண்ட் கழண்டா சக்கரம் மடங்கிக்கும், அதைத் தள்ளிப் போடாதீங்க.

டயர் பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழ போகக் கூடாது. காடிக்குள்ள சின்னதா ஒரு மேடு இருக்கும், பட்டன் அது மட்டத்துக்கு வந்துட்டா முடிஞ்சுது. கம்மியா ஓடின செகண்ட்ஸ் வண்டியில பட்டன் நல்லா இருக்கும், டயர் கிழடாயிருக்கும். பக்கவாட்டுல நாலு நம்பர் இருக்கும், முதல் ரெண்டு வாரம், கடைசி ரெண்டு வருசம். 2314ன்னா 2014ல 23வது வாரம். வெடிப்பும் இருந்தா மாத்துங்க. உள்பக்கம் மட்டும் தேஞ்சிருந்தா புது டயர் போடறதுக்கு முன்னாடி அலைன்மென்ட்டும் புஷ்ஷும் பாருங்க, இல்லன்னா அந்தக் காசும் போச்சு. ஸ்டெப்னியையும் எடுத்துப் பாத்துருங்க.

ஒரே நாள்ல முடியற சின்ன வேலைங்க

கருப்பு சன் பிலிம் இருந்தா உரிச்சிருங்க, 2012லயே சுப்ரீம் கோர்ட் வேண்டாம்னுடுச்சு. பம்பருக்கு முன்னாடி இரும்புக் கம்பி, மல்டி டோன் ஆரன், சத்தமா வெச்ச சைலன்சர், எல்லாம் கழட்டுங்க. நம்பர் பிளேட்ல எழுத்து 65 மில்லிமீட்டர் உயரம், 10 தடிமன், 10 இடைவெளி. டிசைன் எழுத்து, தலைவர் படம், கட்சிக் கொடி, சாமி பேரு இதெல்லாம் பிளேட்ல வேண்டாம். வைப்பர் ரப்பர், வாஷர் தண்ணி, சீட் பெல்ட் சரக்குன்னு இழுத்தா நிக்குதா, கண்ணாடி விரிசல், ஸ்பீடோமீட்டர் கேபிள். முன்கண்ணாடியில டிரைவர் பாக்கற இடத்துல விரிசல்னா ஒட்டு வேலை வேண்டாம், கண்ணாடியே மாத்துங்க.

வண்டி ஓகே, பேப்பர்ல நின்னுருச்சு

செகண்ட்ஸ் வண்டிக்காரங்க நிறையப் பேரு மாட்டறது இங்கதான். மொத ஓனர் கடனை எப்பவோ கட்டி முடிச்சிருப்பாரு, ஆர்.சி.ல பைனான்ஸ் பேரு இன்னும் அப்படியே இருக்கும். அதை எடுக்க படிவம் 35ம், பாக்கி இல்லன்னு பைனான்ஸ்ல இருந்து என்ஓசியும் வேணும். அந்த பைனான்ஸே இப்ப இல்லன்னா அலைச்சல்தான், அதனால வண்டி வாங்கறப்பவே பாத்துருங்க. கலர் மாத்தியிருக்கீங்க, கேஸ் கிட் போட்டிருக்கீங்கன்னா ஆர்.சி.ல ஏறியிருக்கணும், சிஎன்ஜி சிலிண்டருக்கு 3 வருசத்துக்கு ஒரு தடவ டெஸ்ட் சர்டிபிகேட்டும் கேப்பாங்க. இன்சூரன்ஸ், புகை சர்டிபிகேட், கட்டாத அபராதம், பசுமை வரி எல்லாம் முன்னாடியே முடிச்சிருங்க. பிஎஸ் 3 வரைக்கும் புகை சர்டிபிகேட் 6 மாசந்தான், பிஎஸ் 4க்கு ஒரு வருசம்.

விண்ணப்பம் படிவம் 25. ஆர்.சி. முடியறதுக்கு 60 நாள் முன்னாடியே போடலாம். காருக்கு ரினியூவல் கட்டணம் 2022 ஏப்ரல்ல இருந்து 5,000 ரூபா, 20 வருசம் தாண்டின வண்டின்னா 2025 ஆகஸ்ட்ல வந்த மாத்தத்துல 10,000 ஆக்கிட்டாங்க. முடிஞ்ச தேதிக்கு அப்புறம் போனா மாசத்துக்கு 500 ரூபா அபராதம் ஏறிட்டே இருக்கும். அந்த 60 நாள்ல மொத வாரமே அடியில துருவைப் பாத்துருங்க, டிங்கர் வேலைதான் நாள் இழுக்கும், மத்ததெல்லாம் நாலஞ்சு நாள் வேலை.